உமணர் வண்டியும் சேமவச்சும்

திருவண்ணாமலைக்கு மேற்கே, சவ்வாது மலையின் தென்புறத்தே அமைந்தது செங்கம் கணவாய். கீழைச் சமவெளியையும் பாராமகால் மேட்டு நிலத்தையும் இணைத்த தொன்மையான வழி அது. மலைபடுகடாம் போற்றும் நன்னனின் ஊர் இச்செங்கமே. கணவாய்க்கு அப்பால் அதியமானின் தகடூர், இன்றைய தருமபுரி.

கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றிய உமணர், சங்ககாலத்தின் பெருவணிகப் பயணிகள். பெரும்பாணாற்றுப்படை அவர்தம் வண்டியை உறுப்புறுப்பாகக் காட்டுகிறது. ஆரக்கால் செறிந்த உருளை, மேலே வேய்ந்த கூரை, வாயிலில் கோழிக்கூடு, கயிற்றில் கட்டிய காடிக்கலம், மகவை ஏந்தியவாறே எருதுகளை ஓட்டும் தாய் என அவ்வண்டி நடமாடும் இல்லமாகவே விளங்கிற்று.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் வடஅமெரிக்காவின் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தோரும் துணிக்கூரை வண்டிகளில் தொடராகவே சென்றனர். அவற்றைக் குதிரைகள் இழுத்தன என்பது பொதுவான எண்ணம். ஆயினும் ஓரிகன் நெடுவழியில் மிகுதியும் பூட்டப்பட்டவை எருதுகளே. விலை குறைவு, வழியோரப் புல்லே அவற்றுக்கு உணவு. இத்தெரிவை உமணர் நெடுங்காலம் முன்பே செய்திருந்தனர்.

தகடூரை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், புறநானூற்றின் 102ஆம் பாடலில் இவ்வண்டியையே உவமையாக்கினார். நுகம் பழகாத இளம் எருதுகள், பெரும்பாரம், வழியின் மேடுபள்ளமோ முன்னறிய இயலாதது. ஆதலின் உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைப்பர். அச்சேமவச்சுப் போன்றவன் அவன் என்றார். வண்டியின் அடிப்புறத்தையும் உற்று நோக்கிய கண்ணுக்கே இவ்வுவமை வாய்க்கும்.

பாரவண்டியின் தேவையைப் போர்க்களமும் உணர்த்தியது. 1767 செப்டம்பரில் செங்கத்தில் ஐதர் அலி, நிசாம் கூட்டுப்படையை வென்ற கர்னல் ஸ்மித்தின் கம்பெனிப்படை, உணவின்மையால் திருவண்ணாமலைக்கு விரைய நேர்ந்தது.

பின்னர் இருப்புப்பாதை வந்தது. 1896 செப்டம்பர் 1 அன்று, பின்னாளில் இரமண மகரிஷி எனப் போற்றப்பெற்ற இளைஞர் இந்நகரை அடைந்தது புகைவண்டியில்தான். எனினும் கார்த்திகைத் தீபத்துக்குச் சுற்றுப்புற மக்கள் கூண்டு வண்டி கட்டி வருவது அதன்பின்னும் நெடுநாள் தொடர்ந்தது.

இன்று அவ்வண்டிகள் அருகிவிட்டன. இருசு, குடம், வட்டை, கடையாணி, ஏர்க்கால் ஆகிய சொற்களும் முதிய தச்சர் நாவோடு நின்றுபோகும் நிலை. சேமவச்சு என்னும் சொல் பிழைத்ததற்குக் காரணம், ஒரு புலவர் அதைப் பாட்டில் ஏற்றியதே. எஞ்சிய சொற்களைக் கேட்டு எழுதி வைக்கும் கடமை இன்றைய கவிஞர்க்கு உரியது. அச்சொற்களை அறிந்த தச்சர் இருக்கும்போதே அது செய்யப்பட வேண்டும்.