புல்லறிவு: ஒரு சொல்லாராய்ச்சி

புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலின் பழம்பெயர் அண்ணல்வாயில். அருகிலுள்ள சித்தன்னவாசற் குகைக்கோயிலின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, மதுரையாசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்த அச்சமணக் கோயிலை அறிவர் கோயில் என்கின்றது. அறிவன் என்பது அருகனுக்குரிய பெயர்களுள் ஒன்று. அறிவையே இறைமைப் பெயராகக் கொண்ட சமணர், அறிவின் குறைகளையும் வேறுபடுத்தி உணர்ந்தனர். சமண முனிவர் பாடியதாகக் கூறப்படும் நாலடியாரில் அறிவின்மை, புல்லறிவாண்மை, பேதைமை என மூன்று அதிகாரங்கள் தனித்தனியே உள்ளன. திருக்குறளும் பேதைமையை 84ஆம் அதிகாரத்திலும் புல்லறிவாண்மையை 85ஆம் அதிகாரத்திலும் வைத்துள்ளது. இவை ஒருபொருட் சொற்களாயின் இவ்வேறுபாடு வேண்டா.

'புல்' என்னும் அடை சிறுமையையும் இழிவையும் உணர்த்தும். ஆயினும் புல்லறிவு என்பது சிற்றறிவு என்ற அளவில் நில்லாது. சிற்றறிவுடையான் தன்னைப் பேரறிவினனாக மதித்து, உயர்ந்தோர் கூறும் உறுதிச்சொல்லைக் கொள்ளாமையே புல்லறிவாண்மை எனப் பரிமேலழகர் விளக்குவர். 'ஆண்மை' என்னும் ஈறும் அதனை விடாது கையாளும் தன்மையைக் காட்டுமென்பது எம் கருத்து.

அவ்வதிகார முதற்குறளில் அறிவின்மை என்னும் சொல் வருதலை இதற்கு மாறாகக் காட்டலாம். அங்கு அறிவென்றது நல்லறிவினையே எனப் பரிமேலழகர் கொண்டமையின், அதுவும் தடையன்று.

எனவே, புல்லறிவை அறியாமை என உரைத்தலும் பிறமொழியில் அவ்வாறே பெயர்த்தலும் பொருந்தா. அறியாமைக்குக் கல்வி மருந்தாம். புல்லறிவோ அம்மருந்தையே மறுப்பது. அறியாதான் இரக்கத்திற்குரியன், புல்லறிவாளன் தன் கேட்டிற்குத் தானே பொறுப்பாவான்.