‘லெவல் 3’ தீ விபத்துன்னா என்ன? அந்த எண்ணை யார் முடிவு செய்கிறார்கள்?

மும்பையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்தால் சில நிமிடங்களில் போனில் செய்தி வந்துவிடும். முதலில் ‘லெவல் 1’. கொஞ்ச நேரத்தில் ‘லெவல் 3 ஆக உயர்த்தப்பட்டது’. எண் ஏற ஏற உயிர்ச்சேதமும் ஏறும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் நடந்தவை வேறு மாதிரி இருக்கின்றன.

2021 அக்டோபரில் கர்ரி ரோட்டில் உள்ள அவிக்னா பார்க் என்ற, சுமார் 60 மாடி கொண்ட கட்டடத்தில் ஏற்பட்ட தீ ‘லெவல் 4’. இறந்தவர் ஒருவர், பால்கனியில் தொங்கிக்கொண்டிருந்து கீழே விழுந்த காவலாளி. 2022 ஜனவரி 22 அன்று தார்தேவ் பகுதியின் கமலா கட்டடத்தில் ‘லெவல் 3’. அன்றே 6 பேர் இறந்தார்கள், பிறகு அந்த எண்ணிக்கை கூடியது. 2023 அக்டோபர் 6 அன்று கோரேகாவ் ஜெய் பவானி குடியிருப்பில் அதிகாலையில் பிடித்த தீ வெறும் ‘லெவல் 2’. அதிலும் குறைந்தது 7 பேர் இறந்தார்கள்.

அப்போ எண் எதைக் காட்டுகிறது?

எவ்வளவு உதவி தேவை என்பதைத்தான். 101-க்கு அழைப்பு வந்ததும் அருகிலுள்ள நிலையத்திலிருந்து முதல் வண்டிகள் கிளம்பும். முதலில் போய் இறங்கும் அதிகாரி நிலைமையைப் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்வார்: எந்த மாடி, எவ்வளவு புகை, உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா, கையில் இருக்கும் வண்டியும் ஆட்களும் போதுமா? போதாது என்றால் லெவலை உயர்த்தச் சொல்வார். அதன்படி மற்ற நிலையங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள், பெரிய தண்ணீர் டேங்கர்கள், ஏணி வண்டி, சுவாசக் கருவி வண்டி, மூத்த அதிகாரிகள் எல்லாம் வரும். லெவல் 4-க்கும் மேலே ‘பிரிகேட் கால்’ என்று ஒன்று உண்டு. அமெரிக்கச் செய்திகளில் வரும் ‘த்ரீ அலாரம் ஃபயர்’ என்பதும் இதே கணக்குதான். டெல்லியில் ‘மேக்-4’, ‘மேக்-6’ என்பார்கள்.

இத்தனை ஆட்கள் எதற்கு? சுவாசக் கருவியோடு உள்ளே போகும் வீரரின் சிலிண்டரில் காற்று நிமிடக் கணக்கில்தான் தாங்கும். அவர் வெளியே வரும்போது மாற்று அணி தயாராக நிற்க வேண்டும். ஒரு அணி தீயை அடிக்கும், இன்னொன்று மேல் மாடிகளில் கதவு கதவாகத் தட்டி ஆட்களைத் தேடும். 15 மாடி படியேறிப் போகும் மனிதர் மேலே சேரும்போதே பாதி களைத்திருப்பார்.

ஏணி இருக்கிறதே என்று கேட்கலாம். மும்பையிடம் 90 மீட்டர் ஏணி வண்டியே இருக்கிறது, கிட்டத்தட்ட 30 மாடி உயரம். ஆனால் அது கால்களை அகல விரித்து நிற்க உறுதியான தரையும் இடமும் வேண்டும். நம் குடியிருப்புகளில் அந்த இடத்தில் யாருடைய காராவது நிற்கும்.

அதனால் உயர்ந்த கட்டடத்தில் வீரர்கள் நம்புவது கட்டடத்தின் சொந்தக் குழாயைத்தான். ஒவ்வொரு மாடியிலும் சிவப்புக் குழாய் ஏறிப் போகுமே, அதுதான். அதில் தண்ணீர் வந்தால் அந்த மாடியிலேயே ஹோஸை மாட்டி வேலையைத் தொடங்கலாம். வராவிட்டால் தெருவிலிருந்து ஹோஸை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். கமலா கட்டடத்தில் தீயணைப்புச் சாதனங்கள் வேலை செய்யவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

கோரேகாவில் நடந்தது வேறு. தீ பிடித்தது கீழே, பார்க்கிங் பகுதியில். புகை படிக்கட்டு வழியாகப் புகைபோக்கியில் ஏறுவதுபோல மேலே ஏறியது. தூக்கத்திலிருந்து எழுந்து படியிறங்கி ஓடுபவர்கள் நேராக அந்தப் புகைக்குள்தான் போவார்கள். படியில் புகை இல்லையென்றால் இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். புகை நிறைந்திருந்தால் வீட்டுக்குள்ளேயே இருந்து கதவை மூடி, இடுக்கில் ஈரத்துணி வைத்து, தெருப்பக்க ஜன்னலுக்குப் போய் 101-க்கு மாடியையும் வீட்டு எண்ணையும் சொல்லுங்கள். படிக்கட்டுத் தீத்தடுப்புக் கதவைக் காற்று வரட்டும் என்று செங்கல் வைத்துத் திறந்து விடுகிறோமே, அது மூடியே இருக்க வேண்டிய கதவு.

உள்ளே போகிறவர்களுக்கும் இதில் விலை உண்டு. 2015 மே 9 அன்று கால்பாதேவியின் பழைய கோகுல் நிவாஸ் கட்டடத்தில் ஏற்பட்ட தீயில் மும்பைத் தீயணைப்புப் படைத் தலைவர் சுனில் நெஸ்ரிகர் உட்பட 4 அதிகாரிகளை அந்தப் படை இழந்தது. இருவர் அன்றே இறந்தார்கள். நெஸ்ரிகரும் இன்னொருவரும் தீக்காயங்களோடு சில நாட்கள் போராடி இறந்தார்கள்.

நீங்கள் எதைக் கேட்கலாம்?

மகாராஷ்டிராவின் 2006-ம் ஆண்டு தீத்தடுப்புச் சட்டப்படி, சாதனங்கள் சரியாக இயங்குகின்றன என்று உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், ‘ஃபார்ம் பி’ சான்று வாங்க வேண்டும். அந்தப் பொறுப்பு கட்டடத்தின் உரிமையாளர் அல்லது சொசைட்டியுடையது, தீயணைப்புத் துறையுடையது அல்ல. வாடகைக்கு இருந்தாலும் சொசைட்டி செயலாளரிடம் கடைசியாக வாங்கியதைக் காட்டச் சொல்லலாம். காகிதத்தைப் பார்த்ததோடு விடாமல், பம்ப்பை ஒருமுறை போட்டு உங்கள் மாடிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.