காரும் கூடாரமும்: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் முகாம் திடல் உருவான வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியில், ஒரு கணவனும் மனைவியும் காரில் கூடாரம், அடுப்பு, படுக்கை ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு மலைப் பூங்காக்களையும் பாலைப் பூங்காக்களையும் வாரக்கணக்கில் சுற்றி வருவது இன்று மிகச் சாதாரணமான விடுமுறை. மாலையில் அவர்கள் பூங்காவின் முகாம் திடலுக்குள் நுழைகிறார்கள். ஒற்றை வழியாக வளைந்து செல்லும் சிறு சாலை. அதிலிருந்து பக்கவாட்டில் பிரியும் கார் நிறுத்துமிடம். அதையொட்டி ஒரு மேசை, தீ மூட்ட ஓர் அடுப்பு, கூடாரம் அடிக்கச் சமதளம், எண் எழுதிய கம்பம். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் ஏறத்தாழ இதே அமைப்புதான். இது வசதிக்காகத் தானாக அமைந்த ஒன்று என்றே பெரும்பாலோர் நினைப்பர். உண்மையில், மரங்களின் வேர்களைக் காப்பாற்றுவதற்காக ஒரு தாவர நோயியல் அறிஞர் 1930களின் தொடக்கத்தில் வகுத்துக் கொடுத்த திட்டம் இது.

கார் நுழைந்த கதை

உலகின் முதல் தேசியப் பூங்காவாகக் கருதப்படும் யெல்லோஸ்டோன் 1872-இல் நிறுவப்பட்டது. சீக்வோயா, யொசெமிட்டி ஆகியவை 1890-இல் வந்தன. அக்காலத்தில் இப்பூங்காக்களுக்குச் செல்வது வசதி படைத்தவர்களுக்கே இயன்றது. இரயிலில் வந்து இறங்கி, குதிரை வண்டியில் பயணம் செய்து, விடுதியில் தங்க வேண்டும். ஒரு பள்ளி ஆசிரியரோ சிறு கடைக்காரரோ மனைவியுடன் அப்படிச் செல்வது எளிதன்று.

யொசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குள் முதல் கார் நுழைந்தது 1900-இல். ஆலிவர் லிப்பின்காட் என்ற ஒளிப்படக் கலைஞர் நீராவியில் ஓடும் ஒரு காரை அங்கு ஓட்டிச் சென்றார். குதிரைகள் மிரண்டன, சாலைகளோ குறுகலானவை. 1907-இல் யொசெமிட்டியில் கார்கள் தடை செய்யப்பட்டன. அடுத்த ஆண்டே மவுண்ட் ரெய்னியர் பூங்கா கட்டணம் பெற்றுக்கொண்டு கார்களை உள்ளே விட்டது. யொசெமிட்டியில் 1913-இல் தடை நீங்கியது. யெல்லோஸ்டோன் 1915 ஆகஸ்டில் கதவைத் திறந்தது. 1917-இல் யெல்லோஸ்டோனில் குதிரை வண்டிகளின் இடத்தைப் பேருந்துகள் பிடித்துக்கொண்டன. காரை உள்ளே விடலாமா என்று தயங்கிய காலத்துக்கும் குதிரை மறைந்த காலத்துக்கும் இடையே பத்தாண்டுகள்கூட இல்லை.

இம்மாற்றத்துக்கு முக்கியக் காரணமானவர் ஸ்டீபன் மேத்தர். 1916-இல் தேசியப் பூங்காச் சேவை நிறுவப்பட்டபோது அதன் முதல் இயக்குநரானவர் இவர். அதற்கு முன் வெண்காரம் விற்றுச் செல்வம் சேர்த்தவர். மரணப் பள்ளத்தாக்கு எனப்படும் டெத் வேலிப் பாலைவனத்திலிருந்து 1880களில் கோவேறு கழுதைகள் பூட்டிய பெரும் வண்டிகளில் வெண்காரம் ஏற்றிச் சென்ற காட்சியை விளம்பரமாக்கி, ‘இருபது கோவேறு கழுதை’ என்ற வணிகப் பெயரைப் புகழ்பெறச் செய்தவர் அவரே. விளம்பரம் தெரிந்த மனிதர் பூங்காக்களுக்குத் தலைவரானது பின்னர் நடந்த பலவற்றை விளக்குகிறது. மக்கள் வந்து பார்த்தால்தான் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கும். மக்கள் வர வேண்டுமென்றால் கார் வர வேண்டும். இதுவே அவருடைய கணக்கு. யொசெமிட்டியின் உயர்ந்த பகுதியைக் கடக்கும் பழைய சுரங்கப் பாதையான தியோகா சாலை தனியார் கையில் சிதைந்து கிடந்தது. 1915-இல் தம் பணத்தையும் நண்பர்களின் பணத்தையும் சேர்த்து அதை வாங்கி அரசுக்குக் கொடுத்தார். 3,031 மீட்டர் உயரமுள்ள தியோகா கணவாய் வழியாகப் பனிமலையிலிருந்து கிழக்கே இறங்கினால் ஒரே நாளில் பாலை நிலத்துக்கு வந்துவிடலாம். மலையும் பாலையும் ஒரே பயணத்தில் இணைய இச்சாலையும் ஒரு காரணம்.

1920-இல் பன்னிரண்டு தேசியப் பூங்காக்களை இணைக்கும் ‘பூங்காவிலிருந்து பூங்காவுக்கு’ நெடுஞ்சாலை அறிவிக்கப்பட்டது. அதைத் தொடங்கிவைக்க டென்வர் நகரிலிருந்து புறப்பட்ட கார் அணி 76 நாட்கள் பயணம் செய்தது. நெடுஞ்சாலை என்று பெயரே தவிர, பெரும்பகுதி மண் பாதைதான்.

தம்பதியரின் பயணம்

ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ கார் 1908-இல் 850 டாலருக்கு விற்றது. 1920களின் நடுவில் விலை 260 டாலராகக் குறைந்தது. நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டிய இந்தக் கார்தான் பூங்காவை அவர்களுடையதாக்கியது. 1920-இல் பூங்காக்களுக்கு வந்தோர் எண்ணிக்கை முதன்முறையாகப் பத்து இலட்சத்தைக் கடந்தது.

இவர்களில் பலர் விடுதிக்குப் போகவில்லை. காரின் பக்கத்தில் ஒரு கித்தான் துணியைக் கட்டி, மறுமுனையைத் தரையில் முளையடித்தால் கூடாரம் தயார். கோல்மன் நிறுவனம் 1923-இல் பெட்டி போல் மடக்கி வைக்கக்கூடிய முகாம் அடுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாலைவனத்தைக் கடப்பவர்கள் காரின் முன்புறத்தில் கித்தான் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டனர். துணியில் கசியும் நீர் காற்றில் ஆவியாக, உள்ளிருக்கும் நீர் குளிர்ந்துவிடும். நம் மண்பானையின் தத்துவமே அது.

மேரி கிரிஹோர் பெடல் என்ற பெண்மணி கணவருடன் காரில் முகாமிட்டு அமெரிக்காவைச் சுற்றிவந்த 12,000 மைல் பயணத்தை ‘மாடர்ன் ஜிப்சீஸ்’ என்ற நூலாக 1924-இல் வெளியிட்டார். ஊர் ஊராக நகரும் நாடோடிகளோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்வது அக்காலத்துக் கார்ப் பயணிகளுக்குப் பிடித்தமான ஒன்று. ஆனால் உண்மையான நாடோடிக்கு ஊர்கள் காட்டிய முகமும் சொந்தக் காரில் வந்த நடுத்தரத் தம்பதிக்குக் காட்டிய முகமும் ஒன்றல்ல. விடுமுறை என்றாலும் சமையல் பெரும்பாலும் மனைவியின் பொறுப்பாகவே இருந்தது. வீட்டில் அடுப்பங்கரையில் செய்ததைக் காற்றிலும் புழுதியிலும் செய்ய வேண்டியிருந்தது என்பதே வேறுபாடு.

அக்கால முகாம் திடலில் எண்ணும் இல்லை, எல்லையும் இல்லை. பிடித்த மரத்தடிக்கு நேரே காரை ஓட்டிச் சென்று நிறுத்தலாம். புல் தேய்ந்து புழுதி எழுந்தால் அடுத்த மரத்தடிக்குப் போகலாம். இந்தச் சுதந்திரம்தான் சிக்கலாயிற்று.

மைனெக்கியின் எச்சரிக்கை

எமிலியோ மைனெக்கி அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியாற்றிய தாவர நோயியல் அறிஞர். காட்டு மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோய்களை ஆராய்வது அவர் வேலை. சீக்வோயா பூங்காவின் மாபெரும் மரங்களுக்குச் சுற்றுலாவால் பாதிப்பு உண்டா என்று ஆராயும் பணி 1920களின் நடுவில் அவரிடம் வந்தது. இன்று உயிருடன் இருக்கும் மரங்களில் கன அளவில் மிகப் பெரியதான ஜெனரல் ஷெர்மன் மரம் அங்குதான் இருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 84 மீட்டர். வயது ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அத்தகைய மரத்தை ஒரு கூடாரம் என்ன செய்துவிடும் என்றுதான் எவரும் கேட்பர்.

மைனெக்கி மரத்தை அண்ணாந்து பார்க்காமல் தரையைப் பார்த்தார். சீக்வோயா மரத்தின் வேர் ஆழமாகச் செல்வதில்லை, அகலமாகப் பரவுகிறது. நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன. ஆயிரக்கணக்கான காலடிகளும் கார்ச் சக்கரங்களும் மண்ணை அழுத்தும்போது மண் துகள்களுக்கிடையே உள்ள இடைவெளி மூடிக்கொள்கிறது. மழைநீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடிவிடுகிறது; வேருக்குக் காற்றும் கிடைப்பதில்லை. மிதிபட்ட இடத்தில் புதரும் நாற்றும் முளைப்பதில்லை என்பதால் அடுத்த தலைமுறை மரமும் இல்லை. பெரிய மரம் உடனே விழாது. பல ஆண்டுகள் கழித்துத்தான் அதன் நலிவு வெளியே தெரியும். அதற்குள் காரணமானவர்கள் எப்போதோ வீடு திரும்பியிருப்பார்கள். மரத்தை வெட்டியவனைப் பிடித்துவிடலாம். மரத்தை விரும்பி அதன் நிழலில் படுத்தவரை எப்படிக் குற்றம் சொல்வது? மைனெக்கி எதிர்கொண்ட சிக்கலின் கடுமை இதில்தான் இருக்கிறது.

மக்களைத் தடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்யவில்லை. 1932-இல் அவர் எழுதிய முகாம் திடல் கொள்கை எளிமையானது. முகாமில் உள்ள பொருள்களில் அதிகச் சேதம் செய்வது கார். காரை ஓரிடத்தில் கட்டிப்போட்டால் கூடாரம், மேசை, அடுப்பு எல்லாம் அதைச் சுற்றியே அமையும். ஆகவே சாலை ஒற்றை வழியாகச் சுற்றி வர வேண்டும். எதிரே வண்டி வராததால் அகலம் குறைவாக இருந்தால் போதும், வெட்ட வேண்டிய மரங்களும் குறைவு. அச்சாலையிலிருந்து சாய்வான கோணத்தில் சிறு நிறுத்துமிடம் பிரிய வேண்டும். கார் நேராக உள்ளே நுழைந்து பின்னோக்கி வெளியே வரும். அதற்கப்பால் கார் போக முடியாதபடி பாறைகளையும் மரக்கட்டைகளையும் இட வேண்டும். மேசையும் அடுப்பும் நகர்த்த முடியாதவையாக இருக்க வேண்டும். ஒரு தங்கிடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே புதர்களை விட்டுவைக்க வேண்டும். புதர் மண்ணைக் காக்கும். தம்பதியருக்குத் தனிமையும் தரும். ஒரு சிறு பகுதியைத் தேய்வதற்கென்றே ஒதுக்கி மீதியைக் காப்பாற்றுவதே இதன் உட்பொருள்.

அறிஞர்கள் எழுதும் அறிக்கைகள் அலமாரியில் உறங்குவதே வழக்கம். இந்த அறிக்கைக்கு அந்த நிலை வராததற்குக் காரணம் பொருளாதாரப் பெருமந்தம். 1933-இல் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தொடங்கிய குடிமக்கள் பாதுகாப்புப் படையில் வேலையற்ற இளைஞர்கள் இலட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். 1942 வரை இப்படை பூங்காக்களிலும் காடுகளிலும் பாதை வெட்டியது, மரம் நட்டது, முகாம் திடல்கள் அமைத்தது. வரைபடம் மைனெக்கியுடையது, உழைப்பு இந்த இளைஞர்களுடையது.

மலையும் பாலையும்

கலிபோர்னியாவின் இன்யோ என்ற ஒரே மாவட்டத்துக்குள் 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி மலையும், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உள்ள பேட்வாட்டர் பள்ளமும் இருக்கின்றன. விட்னி மலைச்சிகரம் சீக்வோயா பூங்காவின் கிழக்கு எல்லை. பேட்வாட்டர் டெத் வேலியில் உள்ளது. டெத் வேலி 1933-இல் தேசிய நினைவிடமாகவும் 1994-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகில் பதிவான மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக ஏற்கப்பட்டுள்ளது.

இரண்டையும் ஒரே பயணத்தில் காண விரும்பும் தம்பதிக்கு நாட்காட்டியே பெரிய தடை. பாலைப் பூங்காவுக்கு ஏற்ற பருவம் குளிர்காலம். அப்போது தியோகா சாலை பனியால் மூடிக்கிடக்கும். மலைக்கு ஏற்ற கோடையில் டெத் வேலியில் கூடாரத்தில் உறங்க இயலாது. வசந்தத்தின் இறுதியிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் மட்டும் இரண்டுக்கும் ஒரு சிறு இடைவெளி கிடைக்கிறது.

மைனெக்கி காட்டில் கண்ட உண்மை பாலையிலும் பொருந்தும். யூட்டா மாநிலத்தின் ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காக்களில் மணலின் மேல் கருமையான பொருக்கு படர்ந்திருக்கும். நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து உருவாக்கிய அந்த உயிர்ப்பொருக்குதான் மணலைக் காற்று அள்ளிச் செல்லாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு காலடியில் நொறுங்கும் அது மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

முன்பே இருந்தவர்கள்

தங்கிடங்களுக்கு எண் இடுவதற்கு முன்பும் அங்கு மனிதர்கள் தங்கியிருந்தார்கள். டெத் வேலி திம்பிஷா ஷோஷோனி மக்களின் தாயகம். கோடையில் மலைக்கு ஏறி, குளிர்காலத்தில் பள்ளத்தாக்குக்கு இறங்குவது அவர்கள் வாழ்க்கை முறை. இன்றைய பயணிகள் நாட்காட்டியைப் பார்த்துச் செய்வதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தனர். நினைவிடம் அறிவிக்கப்பட்ட பின் 1936-இல் ஃபர்னஸ் கிரீக்கில் 40 ஏக்கர் நிலத்தில் அவர்களுக்குக் குடியிருப்பு அமைக்கப்பட்டது. 1950களின் பிற்பகுதியில், கோடைக்கு மலைக்குச் சென்றவர்களின் காலியான மண் வீடுகளை அதிகாரிகள் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்தனர். விருந்தினருக்கு இடம் ஒதுக்கக் கற்றுக்கொண்ட நிர்வாகம் வீட்டுக்காரரை வெளியேற்ற முயன்றது என்பது இந்த வரலாற்றின் கறை. திம்பிஷா மக்கள் போகவில்லை. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 2000-இல் இயற்றப்பட்ட சட்டம் சுமார் 7,700 ஏக்கர் நிலத்தை அவர்களுக்குத் திருப்பியளித்தது; அதில் ஒரு பகுதி பூங்காவுக்குள்ளேயே உள்ளது.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூட்டம் பெருகியது. பராமரிப்புப் பணமோ பெருகவில்லை. 1953-இல் வரலாற்று எழுத்தாளர் பெர்னார்ட் டிவோட்டோ, போதிய நிதி தரும்வரை தேசியப் பூங்காக்களை மூடிவிடலாம் என்று ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் காரமாக எழுதினார். 1956-இல் ‘மிஷன் 66’ என்ற பத்தாண்டுத் திட்டம் தொடங்கப்பட்டு, சாலைகளும் முகாம் திடல்களும் பெருமளவில் விரிவாக்கப்பட்டன. பின்னர் முன்பதிவு முறை வந்தது. யொசெமிட்டிப் பள்ளத்தாக்கில் கோடைக்காலத் தங்கிடம் இன்று மாதங்களுக்கு முன்பே நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது.

சீக்வோயா பூங்காவில் மைனெக்கி ஆராய்ந்த மாமரக் காட்டில் முகாம் திடல்களோடு விடுதிகள், கடைகள் என்று ஒரு சிற்றூரே எழுந்திருந்தது. அவற்றை அகற்ற வேண்டும் என்று பூங்காக் கண்காணிப்பாளர் ஜான் வைட் 1930களிலேயே வாதிட்டார். அது நிறைவேற அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. கூடாரங்கள் மாமரங்களுக்கு அப்பால் லாட்ஜ்போல் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டன. 1990களின் பிற்பகுதியில் 282 கட்டடங்கள் இடிக்கப்பட்டு, இறுகிப்போன மண் கிளறிவிடப்பட்டது. 1920களில் முகாமிட்ட தம்பதியர் ரொட்டியும் மளிகையும் வாங்கிய கடைக் கட்டடத்தை மட்டும் இடிக்கவில்லை. அது இப்போது மாமரங்களைப் பற்றிய அருங்காட்சியகமாக இருக்கிறது.