வளையத்தில் பொறித்த முகவரி: இந்திய–சோவியத் பறவை உடன்படிக்கையின் முன்வரலாறு

கொல்கத்தாவாசிகள் இன்றும் டாக்குரியா ஏரி என்றே சொல்லும் ரவீந்திர சரோவர், 1920களில் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை தோண்டிய நீர்நிலை. குளிர்காலத்தில் அதன் கரை மரங்களுக்குத் தைகா ஈப்பிடிப்பான் வருகிறது. அது குஞ்சு பொரிப்பது சைபீரியக் காடுகளில். இப்படி இரு நிலங்களில் வாழும் பறவைகளைக் காக்க இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் 1984இல் உடன்படிக்கை செய்துகொண்டன. ஏழே ஆண்டுகளில் அதில் ஒரு தரப்பு கலைந்துபோனது. ஆனாலும் ஒத்துழைப்பு அறுபடவில்லை. அதன் வேர் அரசுகளின் கையெழுத்தில் இல்லை, அதற்கும் முன்பே பறவைகளின் காலில் இட்ட வளையங்களில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இத்துறையில் தவிர்க்க முடியாத முன்னோடி மைக்கேல் லூயிஸ். இந்தியச் சூழலியல் பற்றிய அவருடைய நூலும், அறிவியலாளர்களா உளவாளிகளா என்று தலைப்பிலேயே கேட்கும் 2002ஆம் ஆண்டுக் கட்டுரையும் பனிப்போர் ஐயங்களைத் துலக்கிக் காட்டுகின்றன. 1957இல் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன, மனிதருக்கும் காய்ச்சல் பரவியது. அந்த வைரஸ் ரஷ்ய வசந்த–கோடை மூளைக்காய்ச்சல் வைரசுக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்ததும், வடக்கிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவா என்ற ஐயம் எழுந்தது. அதன் பயனாக உலக சுகாதார நிறுவனத்தின் பணம் கிடைத்தது. 1959இல் பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியது. பின்னர் அமெரிக்க ராணுவம் நிதியளித்த வலசை உயிரிநோய் ஆய்வும் இதில் இணைந்தது. 1974இல் செய்தி நிறுவனம் ஒன்று வெளியிட்ட குற்றச்சாட்டும், 1975இல் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு தந்த 167ஆவது அறிக்கையும் இந்த ஆய்வுகளைப் பாதுகாப்புப் பிரச்சினையாக்கின.

இந்த விவரங்களில் எனக்கு மாறுபாடு இல்லை. லூயிஸ் கேட்கும் கேள்வியோடுதான் மாறுபாடு. அமெரிக்கச் செல்வாக்கு எவ்வளவு, இந்திய அறிவியலாளரின் தன்னுரிமை எவ்வளவு என்ற அளவையே அவருடைய நூலை நடத்துகிறது. அந்த அளவையில் பறவை புறப்படும் வடநிலம் வெறும் பின்புலமாகிவிடுகிறது. பணம் வந்த திசையைப் பின்தொடர்ந்தால் வாஷிங்டனையும் ஜெனீவாவையும் அடைவோம். பறவை வந்த திசையைப் பின்தொடர்ந்தால் அடைவது மேற்கு சைபீரியாவும் கஜகஸ்தானும். ராஜஸ்தானின் பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் அங்கேதான் கிடைத்தன. கோடியக்கரைக்கு வரும் வளைமூக்கு உள்ளானின் கூடுகளும் சைபீரியத் தூந்திரத்தில்தான் உள்ளன.

இங்கே வளையத்தின் வாசகத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். கழகத்தின் வளையங்களில் 'இன்ஃபார்ம் பாம்பே நாட். ஹிஸ்ட். சொசைட்டி' என்று ரோமன் எழுத்தில் பொறித்து, ஒரு வரிசை எண்ணும் இட்டிருந்தார்கள். இதற்கு ஒரு பழைய பாடபேதம் உண்டு. 1920களின் பிற்பகுதியில் தார் சமஸ்தானத்தில் வாத்துகளுக்கு இட்ட வளையங்கள் தார் மகாராஜாவுக்குத் தெரிவிக்கும்படி கேட்டன. முதலில் ஓர் அரசரின் பெயர், பிறகு ஓர் அறிவியல் கழகத்தின் பெயர். இரண்டிலும் இந்திய அரசு இல்லை. சோவியத் வளையங்களும் 'மாஸ்க்வா' என்ற நகரப் பெயரையே ரோமன் எழுத்தில் தாங்கின. வளையத்தை எடுப்பவர் பெரும்பாலும் வேட்டைக்காரர். அவர் எழுதும் தகவல் நாடு கடந்து எண்ணோடு பொருந்தினால்தான் பறவையின் பாதை புலப்படும். எல்லைக்கு அப்பால் முகந்தெரியாத ஒருவர் பதில் எழுதுவார் என்ற நம்பிக்கையில் இயங்கிய ஏற்பாடு இது. சில சொற்களை வைத்து இவ்வளவு சொல்வது மிகை என்று வாதிடலாம். ஆனால் பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதும் வளையத் தகவல்கள் சோவியத் நிலத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. 1984 உடன்படிக்கை ஏற்கெனவே நடந்துவந்த பழக்கத்துக்குச் சட்ட வடிவம் தந்தது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அந்தச் சட்ட வடிவத்தில் ஒரு குறையும் இருந்தது. உடன்படிக்கையில் இருந்தவை பாதையின் இரு முனைகள் மட்டுமே. மேற்கு சைபீரியாவின் குனோவாத் ஆற்றுப் பகுதியிலிருந்து பரத்பூருக்கு வந்த சைபீரியக் கொக்குகள் ஆப்கானிஸ்தானையும் பாகிஸ்தானையும் கடந்தாக வேண்டும். 1984இல் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகளே போரிட்டுக்கொண்டிருந்தன. வடமுனையில் பறவையைக் காப்பதாகக் கையெழுத்திட்ட அரசு, நடுவழியில் போர் நடத்தியது. சுற்றுச்சூழலும் பாதுகாப்பும் ஒன்றையொன்று தொட்ட இடம் இதுவே. உளவுக் குற்றச்சாட்டுகளைவிடப் பறவைக்குக் கேடு செய்தவை வழியில் நடந்த வேட்டையும் வாழிடச் சிதைவும் என்பது என் துணிபு. போரின் பங்கை மட்டும் தனியே பிரித்து அளக்க இயலாது.

1991க்குப் பின் நடுநிலம் பல அரசுகளாயிற்று. 1993இல் நடைமுறைக்கு வந்த சைபீரியக் கொக்கு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் காலப்போக்கில் 11 நாடுகள் சேர்ந்தன. ரஷ்யா, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், அசர்பைஜான் ஆகிய ஐந்தும் முன்னாள் சோவியத் குடியரசுகள். வலசை உயிரினங்களுக்கான பான் உடன்படிக்கையில் உறுப்பினராகாத ரஷ்யாவும் இந்த ஒப்பந்தத்துக்குள் வந்தது கவனிக்கத்தக்கது. ஆயினும் 2002க்குப் பிறகு பரத்பூருக்குக் கொக்கு வரவில்லை. நடுவழி நாடுகள் மேசைக்கு வந்தபோது காலம் கடந்திருந்தது. அந்தப் பாடம் வீண்போகவில்லை. மத்திய ஆசியப் பறவைப் பாதைக்கான செயல்திட்டம் 2005இல் புதுதில்லியில் உருவானது. 2020இல் பான் உடன்படிக்கையின் காந்திநகர் மாநாடும், 2024 பிப்ரவரியில் சமர்கந்து மாநாடும் அதை முன்னெடுத்தன. 30 நாடுகளைத் தழுவும் இம்முயற்சிக்கான ஒருங்கிணைப்பு அலகை இந்தியாவில் அமைக்க முடிவு செய்தது சமர்கந்தில்தான்.

கொல்கத்தா இப்பாதையும் கிழக்காசியப் பாதையும் மேற்பொருந்தும் பகுதியில் இருக்கிறது. ஆகவே டாக்குரியாவின் பறவைகளை ஒரே ஒப்பந்தத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. இங்கே ஏரியைக் காத்தது பெரும்பாலும் உள்நாட்டுச் சட்டம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சரோவரில் சத் பூஜைக்குத் தடை விதித்தது. 2019இல் தடையை மீறி வாயிற்பூட்டுகள் உடைக்கப்பட்டன. 2020இல் உச்ச நீதிமன்றமும் தடையைத் தளர்த்த மறுத்தது. ஒப்பந்தத்தின் ஒரு முனை இத்தகைய நகர ஏரிகளே என்பதால், கரையில் மக்களின் இசைவு இல்லாமல் சமர்கந்துத் தீர்மானம் நிறைவேறாது.

ஒத்துழைப்பு தொடங்கிய ஆண்டாக 1959, 1984, 1993 ஆகிய மூன்றையும் முன்வைக்கலாம். நிதியைக் கொண்டால் முதலாவது, சட்டத்தைக் கொண்டால் இரண்டாவது, பாதை முழுவதையும் கொண்டால் மூன்றாவது. தார் வளையங்களைச் சேர்த்தால் கணக்கு இன்னும் பின்னோக்கிப் போகும். எதையும் நான் முடிந்த முடிபாகச் சொல்லவில்லை. ஆனால் 1984ஐத் தொடக்கமாகக் கொள்ளும் வரலாறு, அரசுகள் வருவதற்கு முன் இந்த வேலையைச் செய்தவர்களை விட்டுவிடுகிறது.