ஹூண்டாய் மோட்டார் இந்தியா

தென் கொரியாவின் ஹூண்டாய் மோட்டார் நிறுவனத்தின் இந்தியத் துணை நிறுவனம். 1996 மே மாதம் பதிவானது. இதன் ஆலை ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பூங்காவில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி உள்ளது.

அக்காலத்தில் இந்தியாவுக்கு வந்த அயல்நாட்டுக் கார் நிறுவனங்கள் பெரும்பாலும் உள்நாட்டுக் கூட்டாளியோடு வந்தன. ஃபோர்டு மகிந்திராவோடு கைகோத்தது. ஹூண்டாய் முழு முதலையும் தானே இட்டது. கனடாவின் புரோமாண்டில் 1989இல் தொடங்கிய ஆலையை 1993இல் மூடிய நிறுவனத்துக்கு இது துணிச்சலான முடிவு. சென்னையைத் தேர்ந்ததற்குத் துறைமுகம், உதிரிபாகத் தொழில், மாநில அரசின் சலுகைகள் ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. எது முதன்மையானது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

1996 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மறு ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி கொரியாவைப் பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்க வைத்தது. ஆயினும் கட்டுமானம் நிற்கவில்லை. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ சந்தைக்கு வந்தது. கொரியாவின் ஏட்டோஸ் காரை இந்தியாவுக்கென மாற்றியமைத்த வண்டி இது. உயர்ந்த கூரை முதலில் பலருக்கு விநோதமாகப் பட்டது. ஆனால் குனியாமல் ஏறி அமரலாம்; புடவை கட்டிய பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அந்த வசதி பிடித்துப்போனது. விளம்பரமும் நினைவில் நிற்பது: கொரிய அதிகாரி ஒருவர் ஷாருக் கானைத் தேடி வந்து தங்கள் காருக்காக நடிக்கக் கேட்பார், அவரோ நிறுவனத்தைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்பார். மக்கள் மனத்தில் இருந்த ஐயங்களையே விளம்பரம் பேசியது. அதே ஆண்டின் இறுதியில் பிற நிறுவனங்களின் மாட்டிஸ், இண்டிகா கார்கள் போட்டிக்கு வந்தும் சான்ட்ரோ நிலைத்தது.

1999இல் ஆக்சென்ட் கார் வந்தது. 2008இல் இரண்டாம் ஆலை திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகம் வழியாக ஏற்றுமதி பெருகியது. உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்து வந்ததால், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகைகளும் கொரிய உணவகங்களும் தோன்றின.

சிஐடியு சார்பு தொழிற்சங்கம் 2007இல் உருவானது. அதை அங்கீகரிப்பது, பணிநீக்கப்பட்டோரை மீண்டும் சேர்ப்பது ஆகியவை தொடர்பாக 2009, 2010 ஆண்டுகளில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. அவற்றின் விளைவை நிர்வாகமும் சங்கமும் வெவ்வேறாக மதிப்பிடுகின்றன.

2015இல் கிரெட்டா கார் அறிமுகமானது. 2021 ஜூனில் உற்பத்தி ஒரு கோடியை எட்டியது. 2024 அக்டோபரில் நிறுவனத்தின் பங்குகள் இந்தியப் பங்குச்சந்தைகளில் பட்டியலிடப்பட்டன. வெளியீட்டின் மதிப்பு சுமார் 27,870 கோடி ரூபாய்.