மக்காச்சோளத்துக்கு 'டானிக்' வந்த கதை



புரட்டாசி மழை தலைகாட்டியதும் என் போனுக்கு ஒரே மாதிரி கேள்வி வர ஆரம்பித்துவிடும். "சார், சோளத்துக்கு டானிக் அடிக்கச் சொல்றாங்க. புழு மருந்தோட கலந்தே ஒரே அடியா அடிச்சிரலாமாம். அடிக்கலாமா?" இந்த வருஷம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அதில் ஒருவன் ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், இன்று ஆறு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். ஏக்கருக்கு இவ்வளவு என்று கடையில் கடன் சொல்லி வாங்கும் சரக்கு இது. சும்மா "அடி", "அடிக்காதே" என்று சொல்லிவிட மனம் வரவில்லை. நான் வேளாண்மை படித்தவன் அல்ல, ஆசிரியர் பயிற்சி முடித்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். ஆகவே பாடமாகவே சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை ஜப்பானியர்களிடமிருந்து தொடங்குகிறது. அங்கே நெல் நாற்றில் ஒரு நோய் வரும். சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நெடுநெடுவென்று வளர்ந்து, வெளிறி, கடைசியில் மணி பிடிக்காமல் சாய்ந்துவிடும். உழவர்கள் அதற்கு 'முட்டாள் நாற்று' என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார்கள். அந்த நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சாணம். 1926-ல் குரோசாவா என்ற ஆராய்ச்சியாளர், அப்போது ஜப்பான் ஆட்சியில் இருந்த தைவானில், அந்தப் பூஞ்சாணத்தை வளர்த்து, அது வளர்ந்த நீரை மட்டும் வடிகட்டி நல்ல நாற்றுக்குக் கொடுத்தார். பூஞ்சாணமே இல்லாமல் நாற்று நெட்டையாக வளர்ந்தது. சரக்கு பூஞ்சாணத்தில் இல்லை, அது சுரக்கும் பொருளில் இருக்கிறது என்று தெரிந்தது. 1935-ல் யாபுதா என்பவர் அதற்கு ஜிப்ரெலின் என்று பெயர் வைத்தார். இன்று கடையில் விற்கும் பல டானிக் புட்டிகளில் இருக்கும் ஜிப்ரெலிக் அமிலத்தின் பூர்வீகம் இதுதான், ஒரு நோய்!

மக்காச்சோளம் இந்தக் கதைக்குள் வருவது 1956-ல். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஃபின்னி, பிறவியிலேயே குட்டையான சில மக்காச்சோளச் செடிகளுக்கு ஜிப்ரெலின் கொடுத்துப் பார்த்தார். அவை சாதாரணச் செடியின் உயரத்துக்கு வளர்ந்தன. அதே மருந்தைச் சாதாரணச் செடிக்குக் கொடுத்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இதை நான் வகுப்பில் இருந்தால் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பேன். குட்டைச் செடியால் அந்தப் பொருளைத் தானே தயாரிக்க முடியவில்லை, அதனால் கொடுத்ததும் வளர்ந்தது. நல்ல செடி தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொண்டிருந்தது. சத்துக் குறைந்த பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தால் தேறும். வயிறு நிறைந்த பிள்ளைக்கு மேலும் கொடுத்தால்? கடைக்காரர் காட்டும் வீடியோவில் இரண்டு செடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம் காட்டுகிறாரே, முதலில் எது குட்டை, ஏன் குட்டை என்று கேளுங்கள்.

இன்னொரு வகை, செல்கள் பிரிந்து பெருகத் தூண்டும் பொருள். இதைத் தேடியவர்கள் 1955-ல் ஹெர்ரிங் மீனின் விந்தணுவிலிருந்து எடுத்த டி.என்.ஏ.விலிருந்து அப்படி ஒரு பொருளைப் பிரித்தார்கள். ஆனால் அது செடி தயாரித்த பொருள் அல்ல. செடியிலேயே இருக்கிறதா என்று தேடிய லெதம் என்ற விஞ்ஞானி, நியூசிலாந்தில் 1963-ல், பால் பிடித்த இளம் மக்காச்சோள மணியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். பெயர் சீயாட்டின். மக்காச்சோளத்தின் தாவரவியல் பெயரான 'சீயா மேய்ஸ்' என்பதிலிருந்து வந்த பெயர். நாம் கதிரைச் சுட்டுத் தின்னும் அந்தப் பால் பருவத்தில் மணிக்குள் இயற்கையே இந்தப் பொருளை நிரப்பி வைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மூன்றாவது வகையில்தான் ஆபத்து. 1940-களில், போர்க்காலத்தில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ரகசியமாக ஆராயப்பட்டது 2,4-டி. இதுவும் வளர்ச்சி ஊக்கியைப் போலச் செய்த பொருள்தான். அளவு மீறினால் அகன்ற இலைச் செடிகள் கட்டுப்பாடில்லாமல் முறுக்கி வளர்ந்து செத்துப்போகும். புல் குடும்பத்துப் பயிர்கள் தாங்கிக்கொள்ளும். மக்காச்சோளமும் புல் குடும்பம். அதனால் போர் முடிந்ததும் இது மக்காச்சோளத்துக்கான களைக்கொல்லியாகச் சந்தைக்கு வந்தது. நம் பக்கமும் விதைத்து 20, 25 நாளில் அடிக்கிறார்கள். ஆனால் பெரம்பலூர் பக்கத்தில் சோளத்துக்கு அடுத்த வயல் பருத்திதானே? பருத்திக்கு இது எமன். காற்றில் கொஞ்சம் பறந்து வந்தாலே போதும், பருத்தி இலை வெண்டை இலை மாதிரி நீண்டு சுருங்கிவிடும். சொந்தத்தில் ஒருவர் சோளத்துக்கு 2,4-டி அடித்த டேங்கைச் சும்மா தண்ணீர் விட்டு அலசிவிட்டு, அதே டேங்கில் பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்தார். ஒரு ஏக்கர் பருத்தி அந்த வருஷம் பஞ்சு பார்க்கவில்லை. களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வையுங்கள். டேங்க் விலை ஒரு மூட்டைப் பருத்தியைவிடக் குறைவு.

எல்லா ஊக்கியும் வளர்க்கத்தான் என்று நினைக்க வேண்டாம். சீனாவில் மக்காச்சோளத்தை நெருக்கி நட்டு, தண்டு காற்றில் சாயாமல் இருக்க, எத்திஃபான் கலந்த மருந்தால் உயரத்தைக் குறைக்கிறார்கள். நம் ஊரில் அன்னாசியைப் பூக்க வைக்கும் அதே சரக்கு. பருவம் தவறினாலோ அளவு கூடினாலோ கதிரே சிறுத்துவிடும்.

சரி, புழுவுக்கு வருவோம். முன்பு நமக்குத் தண்டுத் துளைப்பான்தான் பெரிய தொல்லை. குருணை மருந்தை மணலில் கலந்து குருத்தில் போட்டுச் சமாளித்தார்கள். 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் படைப்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டத்துப் புழு, 1797-லேயே அங்கே பெயர் சூட்டப்பட்டது. 2016-ல் மேற்கு ஆப்பிரிக்கா வந்து, இரண்டே வருஷத்தில் நம் வாசலுக்கு வந்துவிட்டது. அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கும். அமெரிக்காவின் வடபகுதியில் குளிர் அதைக் கொன்றுவிடும், ஒவ்வொரு வருஷமும் தெற்கிலிருந்து மறுபடி பறந்து போக வேண்டும். நமக்கு அந்தக் குளிர் ஏது? அந்த மழைக்காலத்திலேயே தமிழ்நாட்டு வயல்கள் சல்லடையாகிவிட்டன. அரசு நிவாரணம் கொடுக்க வேண்டி வந்தது.

புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி. அதுதான் அடையாளம். பகலில் குருத்துக்குள் பதுங்கி, தன் கழிவாலேயே மரத்தூள் மாதிரி வாயை அடைத்துக்கொள்ளும். அப்புறம் மேலே எவ்வளவு அடித்தாலும் உள்ளே இறங்காது. அதனால்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் 15, 20 நாளிலேயே கவனி என்கிறது. ஆரம்பத்தில் வேப்பங்கொட்டைச் சத்தான அசாடிராக்டின், லிட்டருக்கு 5 மில்லி. 40, 45 நாளில் தேவைப்பட்டால் எமாமெக்டின் பென்சோயேட், பத்து லிட்டர் டேங்குக்கு 4 கிராம். குருத்துக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வாருங்கள். அதே பல்கலைக்கழகம் 'மக்காச்சோள மேக்சிம்' என்று சத்தும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்த கலவை ஒன்று தருகிறது. ஏக்கருக்கு 3 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில், ஆண்பூ உருவாகும் பருவத்திலும் மணி பிடிக்கும் பருவத்திலும் அடிக்க வேண்டும். 20 சதவீதம் வரை விளைச்சல் கூடும், வறட்சி தாங்கும் என்கிறார்கள். இது பயன்தான், மறுக்கவில்லை. ஆனால் பருவத்தைப் பாருங்கள். புழுவுக்கு முக்கியமான முதல் அடி இருபது நாளுக்குள். ஊக்கிக்கு வேலை ஐம்பது நாளுக்கு மேல். இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்றினால், ஏதோ ஒன்று நேரம் தவறித்தான் போகும். கலப்பதில் மிச்சமாவது ஒரு நாள் கூலி மட்டுமே.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1958-ல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து பட்ட கோதுமை மாவைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் விளைவாகப் பிறந்தது 1968-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம். ஜிப்ரெலிக் அமிலமும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. ஆனால் கடற்பாசிச் சாறு போன்ற பல 'டானிக்'குகளுக்கு 2021 வரை சட்டமே கிடையாது. அந்த வருஷம்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். ஆகவே புட்டியில் என்ன பொருள், எத்தனை சதவீதம், எந்தப் பயிருக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பச்சை இலைப் படம் மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தம்பிகளே, இதையும் கேளுங்கள். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் கூலிகளும் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருஷம் பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது, பல மருந்தைக் கலந்து அடித்தார்கள், முகத்தில் துணிகூட இல்லை. நம் சோளமும் ஐம்பது நாளில் தலைக்கு மேல் போய்விடும். மேல்நோக்கி அடிக்கிற மருந்து அடிப்பவன் முகத்தில்தான் விழும். அந்த வேலைக்கு நீங்கள் அனுப்புவது பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பையனைத்தான், அவனும் என் வகுப்பில் படித்தவனாகவே இருப்பான். முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை வாங்கிக் கொடுங்கள். காலையில் காற்று எழும்புமுன் முடிக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பட்டத்துக்குச் சரக்கு வாங்கிவிட்டவர்கள் புட்டி லேபிளைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். சின்ன எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, பேத்தியின் பூதக்கண்ணாடி கைவசம் இருக்கிறது.