அன்ரீக்கே அன்ரீக்கசு
அன்ரீக்கே அன்ரீக்கசு (1520–1600): இயேசு சபைக் குரு, தமிழ் அச்சு நூல்களின் முன்னோடி. போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்தார். கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றார். யூத வழிவந்தவர் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை விலக்கியது. 1545இல் இயேசு சபை ஏற்றது. 1546இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்நாள் முழுவதும் பணியாற்றினார்.

தமிழைப் பேசப் பழகியதோடு நிற்காமல் அதற்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணமும் எழுதினார். ஐரோப்பியர் எழுதிய முதல் தமிழ் இலக்கணங்களுள் அது ஒன்று. திருவனந்தபுரத்துக்கு வடக்கே கொல்லத்தில் 1578 அக்டோபர் 20இல் அவரது ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. பதினாறே பக்கம். ஆனால் இந்திய மொழி எழுத்துகளில் அச்சேறிய முதல் நூல் அதுவே. கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் வார்த்த எழுத்துருக்கள் இரண்டும் அதில் காட்டப்பட்டுள்ளன. ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579இல் கொச்சியில் வந்தது. புனிதர் வரலாறுகளின் பெருந்தொகுப்பு 1586இல். புன்னைக்காயலில் காலமானார்.